கன்னி மூலையில் இரண்டு விரற்கடை

சமையற்கட்டில் தேங்கி நின்ற தண்ணீரில் வழுக்கி விழுந்து என் மனைவி இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட நாளிலிருந்து, எங்கள் பழைய வீடு அவளுக்கு ஆகாத வீடாகிவிட்டது. தெருவாசலில் படி; கூடத்திலிருந்து முற்றத்துக்கு இறங்கப் படி; புழக்கடைக் கழிப்பறைக்கு மீண்டும் படி. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர், இனி அவள் படியேறும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சென்னையில் மகளின் அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் உண்டு என்பதால் அங்கே கொண்டுபோய் வைத்தோம். அங்கே அவளுக்கு உறக்கமும் பிடிக்கவில்லை, உணவும் இறங்கவில்லை.

"மார்கழிக்குள்ள என்ன ஊருக்கு இட்டுக்கினு போயிடுங்க," என்றாள். "காலைல எழுந்து சன்னலத் தொறந்தா எதிர் வூட்டு ஏசி மெசினுதான் தெரியுது. அத்தப் பாத்தா கன்னத்துல போட்டுக்கிறது?"

மார்கழி வைகறையில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பதிகம் ஓதுவது என் கடமை. மணம் முடித்து வந்த நாள்முதல் அந்த ஓதலைக் கேட்டபடி வாசலில் கோலமிடுவது அவள் வழக்கம். அதை இழந்துவிடுவோம் என்ற அச்சம் அவளை முறிந்த எலும்பைவிட அதிகமாக வருத்தியது. ஆகவே படியில்லாத ஒரு வீடு, மார்கழிக்கு முன் வேண்டும். கொத்தனாரை வைத்துச் செங்கல்லில் கட்டினால் அடுத்த மார்கழிக்குக்கூட நிச்சயமில்லை. தொழிற்சாலையில் செய்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கும் வீடு ஒன்று உண்டு என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

இதை நான் முதலில் நம்பவில்லை. நேரில் போய்ப் பார்த்த பிறகு நம்பாமல் இருக்க முடியவில்லை. நெடுஞ்சாலையோரம் பெரிய கூடாரம் போன்ற ஒரு கட்டடம். அதற்குள் வீடுகள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கு எலும்புக்கூடு போல இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது. அடுத்ததற்குச் சுவரின் ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்து, உள்ளே மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் நரம்பும் நாளமுமாகத் தெரிந்தன. எங்களுக்குப் பொறுப்பாயிருந்த பெண் பொறியாளர், சுவரை மூடுவதற்கு முன் ஒருவர் வந்து ஒவ்வொன்றையும் சோதித்து ஒப்புதல் தருவார் என்றும், அதன் பிறகே வீட்டுக்கு முத்திரை விழும் என்றும் விளக்கினார்.

"மூடினப்புறம் உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாதுங்க ஐயா. அதனாலதான் திறந்திருக்கும்போதே பார்க்கிறோம். ஆனா ஒண்ணு. இந்த முத்திரை இங்க செஞ்ச வேலைக்குத்தான். உங்க மனையில போடுற அடித்தளம், அதுல வீட்டை இறுக்கிக் கட்டுறது, ரெண்டு பாதியையும் இணைக்கிறது எல்லாம் அங்க நடக்கிற வேலை. அதுக்கு அங்கத்த விதி தனி."

"இறுக்கிக் கட்டுவது எதற்கு? தன் எடையிலேயே நிற்காதா?"

"காத்து தள்ள மட்டும் செய்யாதுங்க, தூக்கவும் செய்யும். புயல் வர்ற ஊருங்க உங்களுது."

யாப்பறிந்தவனுக்கு இது எளிதில் விளங்கும். சீர் ஒவ்வொன்றும் பழுதற்று இருந்தாலும் சீருக்கும் சீருக்கும் இடையே தளை சரியாக அமையாவிட்டால் பாட்டு நிற்காது. வீடு இரண்டு பாதியாக வரும். பாதி அவர்கள் விதிப்படி. தரை நம் விதிப்படி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நாங்கள் குடியிருக்க வேண்டும். அன்று இதை அழகான கருத்து என்று எண்ணி மகிழ்ந்து வந்தேன். அந்த இடைவெளியில் ஐப்பசி மழை இறங்கும் என்று அப்போது எண்ணவில்லை.

வீடு வருவதற்கு முன்பே துன்பம் தொடங்கியது. ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செவுரு செங்கல்லா, மண்ணா?"

"இரண்டும் இல்லை. இரும்புச் சட்டம், நடுவே வெப்பம் புகாத அடைப்பு, இருபுறமும் பலகை."

"அப்போ கொட்டாயி."

"கொட்டகை இல்லை ஐயா, வீடு."

"வண்டியில வருதுன்றீங்க?"

"வண்டியில் வருகிறது; வண்டி திரும்பிப் போய்விடும்."

"வூடு போவாதா?"

"போகாது."

"போவாதுன்னு எதை வெச்சி சொல்றீங்க?" என்று அவர் கேட்டார். புயல் தூக்காமல் இருக்கப் போல்ட் போட்டு இறுக்குவார்கள் என்று நான் விளக்கிய பிறகு, "போல்ட்டக் கழட்டிட்டா?" என்றார். அவரிடம் பகையில்லை, அறியும் ஆர்வமே இருந்தது. அந்த ஆர்வத்துக்கு விடை சொல்லியே என் தொண்டை கட்டிப்போயிற்று. கடைசியில் 'வீடு' என்றே எழுதிக்கொண்டார். தெருவிலோ அதற்கு 'டப்பா வூடு' என்ற பெயர் அதற்குள் நிலைத்துவிட்டது.

அடுத்தவர் என் மைத்துனர். மனைவியின் மூத்த அண்ணன். வீடு நிற்கவிருந்த மனை, திருமணத்தில் அவர் தங்கைக்கு மஞ்சள்காணிச் சீராகக் கொடுத்தது. ஏரிக்கரைச் சாலையை ஒட்டிய மேட்டு நிலம். நான் மனைவிக்குத் துணையாகச் சென்னையில் இருந்ததால், அடித்தளம் போடும் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மேஸ்திரியும் அவருடைய ஆள். பொறியாளர் வரைபடம் கொடுத்து, எல்லாத் தாங்குதளமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று இருவரிடமும் சொல்லிவிட்டு வந்தார். "ரசமட்டம் வச்சே போட்டுட்றேம்மா, கவலயே படாதீங்க" என்று மேஸ்திரி வாக்களித்தார்.

வாசக்கால் வைக்கும் நாள் என்று ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. கதவு நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அடியில் நவதானியம் இட்டு நிறுத்துவோம். வீடு வந்த நாளில் என் மைத்துனர் உறவுமுறையோடு தாம்பாளம் ஏந்தி வந்து நின்றார். வீட்டின் முதற்பாதி, பாலித்தீன் உறை சுற்றிய முகத்துடன், கதவு, நிலை, பூட்டு, சாவித் துவாரம் எல்லாம் பொருத்தப்பட்டே டிரெய்லரில் வந்து நின்றது.

"வாசக்காலு எங்க?" என்றார்.

"அதோ, உறைக்குள் இருக்கிறது, மச்சான்."

"அத்த எப்ப வெச்சாங்க? யாரு வெச்சாங்க? நல்ல நேரம் பாத்தாங்களா?"

தொழிற்சாலையில் எந்த ஓரையில் அந்தத் திருகாணிகள் முடுக்கப்பட்டன என்று எனக்கு எப்படித் தெரியும்? மஞ்சளைப் பாலித்தீன்மேலேயே பூசினார்கள். மாவிலைத் தோரணம் கட்ட ஒருவர் ஆணியும் சுத்தியலும் எடுத்தபோது பொறியாளர் ஓடி வந்தார்: "ஆணி அடிக்காதீங்க! சுவருக்குள்ள கம்பி போகுது. அடிச்ச ஓட்டையில தண்ணியும் போகும்!" "ஒரு ஆணி தாங்காத வூட்டுல மனுசன் எப்படிக் குடுத்தனம் பண்றது?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிரேன் கிழக்குப் பாதியை முதலில் இறக்கியது. அது தன் இடத்தில் சாந்தமாக அமர்ந்தது. மேற்குப் பாதியை இறக்கியபோது, கால் ஒன்று நீண்ட மேசை போல அது ஆடியது. இரண்டு பாதிகளின் கூரைகளும் ஒரு முனையில் முட்டிக்கொண்டு, மறுமுனையில் கை நுழையும் அளவு வாய்பிளந்து நின்றன. கதவைத் திறந்தால் தானே மூடிக்கொண்டது. மூடினால் தாழ்ப்பாள் ஏறவில்லை.

பொறியாளர் குனிந்து அடித்தளத்தைச் சுற்றி வந்தார். தென்மேற்கு மூலையில் நின்றார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி என் மைத்துனரைப் பார்த்தார்.

"இந்த மூலை மட்டும் ஏன் உயரமா இருக்கு?"

"அது கன்னி மூலை," என்றார் என் மைத்துனர், அதுவே விடை என்பதுபோல.

"இருக்கட்டும். ஏன் உயரம்?"

"கன்னி மூலை ஒசரமா இருக்கணும், ஈசானி மூலை தாழ இருக்கணும். அப்பதான் தண்ணி ஈசானியப் பாத்து ஓடும். இத்தக்கூட காலேஜில சொல்லித் தரலியாம்மா?"

"ஒரே மட்டம்னு வரைபடத்துல எழுதியிருந்தேனே!"

"மட்டமாத்தான் போட்டாரு மேஸ்திரி. அதும்மேல கொஞ்சூண்டு வாட்டம் குட்த்தோம். ரெண்டே வெரக்கட."

எங்கள் பக்கத்துக் கொத்தனார் எவரும் வாட்டம் என்னும் சரிவு இல்லாமல் தரை போடுவதில்லை. தண்ணீர் வடிய வேண்டுமே! வாட்டம் கொடுக்காமல் போட்ட தரையை மூளியான தரை என்பார்கள். வரைபடத்தில் மட்டம் என்று எழுதியிருந்தாலும், அது எவர்க்கும் தெரிந்த வாட்டத்தைத் தனியே சொல்லாமல் விட்டது என்றுதான் அவர்கள் கொண்டார்கள்.

"போல்ட்டப் போட்டு முடுக்கி இழுத்தா சேந்துக்காதா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இழுத்தா இங்க சேரும், பலகை வேற இடத்துல பிளக்கும். நான் இணைக்க மாட்டேன். இப்படியே இணைச்சா அது விதிப்படி கட்டின வீடு இல்ல."

"சீல் அடிச்சித்தான அனுப்புனீங்க? அப்ப உங்க சீலு பொய்யா?" என்றார் என் மைத்துனர்.

"சீல் வீட்டுக்குங்க. நீங்க போட்ட தரைக்கு இல்ல."

"தர மேல இல்லாத வூடு எந்த ஊர்ல கீது?"

இருவருக்கும் நடுவே நான் நின்றேன். இருவர் சொன்னதிலும் பிழை இல்லை, அதுதான் பெருங்கொடுமை. பொறியாளர், அந்த மூலையைச் சீவி இறக்கினால் போல்ட்டின் பிடிப்புக் குறையும் என்றும், கிரேனை மறுபடி வரவழைத்துப் பாதிகளைத் தூக்கி, மற்றத் தாங்குதளங்களின்மேல் இரும்புத் தகடு வைத்து எல்லாவற்றையும் கன்னி மூலையின் மட்டத்துக்கே உயர்த்துவதுதான் வழி என்றும் சொன்னார். அதாவது வீடு முழுவதும் ஒரே மட்டம்; வாட்டம் போய்விடும். என் மைத்துனர் கையைக் கட்டிக்கொண்டார்.

"வாட்டத்த எடுக்கிறதுன்னா என்ன வுட்ருங்க மாப்ள. என் தங்கச்சி போற வூடு. நான் சம்மதிக்க மாட்டேன்."

அவர் சம்மதமின்றி மேஸ்திரி ஒரு தகட்டைத் தொடமாட்டார். வேறு ஆளை அமர்த்தலாம். ஆனால் அண்ணன் முகம் சுளித்த வீட்டில் என் மனைவி கால் வைக்க மாட்டாள். அவர்கள் குடும்பத்தில் புதுவீட்டின் முதற் குடம் தண்ணீரை உடன்பிறந்தவன் சுமந்து வந்து வைக்க வேண்டும். கிரேன் போய்விட்டது. வாய்பிளந்த கூரையின்மேல் தார்ப்பாயை விரித்துக் கட்டினோம். கட்டி முடித்தபோது ஏரிப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஐப்பசி மழை அடைத்துக்கொண்டு பெய்தது. மழையை வேண்டிப் பாடிய வாயால் மழை நிற்க வேண்டும் என்று முறையிட நேர்ந்த வெட்கத்தை என் இறைவனிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? தார்ப்பாயில் தேங்கிய நீரைக் கழியால் தள்ளிவிடுவதே என் அன்றாட அனுட்டானம் ஆயிற்று. அடியார்கள் திருவாய் மலர்ந்தருளிய பாடல்களை அசைபோட வேண்டிய நேரத்தில், தாங்குதளம், இணைப்பு, வாட்டம் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவியோ நாள்தோறும் தொலைபேசியில், "வூடு சேந்துச்சா?" என்று கேட்டாள். சண்டையிட்ட பங்காளிகள் சமாதானமானார்களா என்பதுபோல இருந்தது அந்தக் கேள்வி. "ஆகிக்கொண்டிருக்கிறது" என்று மழுப்பினேன்.

மைத்துனரிடம் வாதாடாத நாளில்லை. ஒருநாள் கோயிலுக்கே அழைத்துப்போய்க் காட்டினேன். "மச்சான், இந்தக் கருவறைக் கற்களும் வேறிடத்தில் செதுக்கி, வண்டியில் ஏற்றி வந்து பொருத்தியவைதான். கல்லும் கல்லும் மட்டமாக அமர்ந்ததனால்தான் இத்தனை தலைமுறை நிற்கிறது. அபிடேக நீர் வெளியேறத் தனியே கோமுகி வைத்தார்கள். அதற்காகக் கோயிலையே சாய்த்தா கட்டினார்கள்?"

அவர் விமானத்தை நிமிர்ந்து பார்த்தார், கோமுகியைக் குனிந்து பார்த்தார், இரண்டுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். "அது சாமி வூடு மாப்ள. சாமி வழுக்கி வுழுமா?"

அப்போதுதான் அவர் மனத்தில் இருந்தது எனக்குப் பட்டது. எங்கள் பழைய சமையற்கட்டில் தண்ணீர் தேங்கி நின்றதனால்தான் அவர் தங்கை விழுந்தாள். அவருக்கு வாட்டம் என்பது சாத்திரம் மட்டும் இல்லை. அவள் இன்னொரு முறை விழாமலிருக்க அவர் அறிந்த ஒரே காப்பு. கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. கோபம் மட்டும் போகவில்லை.

மழை ஓய்ந்த ஒரு முற்பகலில் பொறியாளர் மறுபடி வந்தார். அதற்கு முந்தைய நாள்தான் மகள், அம்மா வருமுன் இருக்கட்டும் என்று சக்கர நாற்காலியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். நனையாமலிருக்க அதை மேற்குப் பாதியின் கூடத்தில், தார்ப்பாய்க்கு அடியில் நிறுத்தி வைத்திருந்தேன். நானும் பொறியாளரும் மைத்துனரும் உள்ளே நின்று அதே வழக்கை அதே சொற்களில் பேசிக்கொண்டிருந்தபோது, பொறியாளரின் கைபட்டு நாற்காலியின் தடை விலகிவிட்டது போலும். அது மெல்ல நகர்ந்தது. யாரும் தள்ளாமலே கூடத்தைக் குறுக்காகக் கடந்து, வடகிழக்கு நோக்கிப் போய், சுவரடி விளிம்புப் பலகையில் முட்டி நின்றது.

என் மைத்துனரின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? யாரும் சொல்லாமயே ஈசானியப் பாத்துப் போவுது! இத்தவிட நல்ல சகுனம் இன்னா வேணும்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, அடித்தும்கொண்டேன். அதே கையால் தொலைபேசியை எடுத்து மனைவியை அழைத்து, நடந்த அனைத்தையும், இத்தனை நாள் மறைத்ததையும் சேர்த்து, ஒரே மூச்சில் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். "அண்ணங்கிட்ட குடுங்க. எல்லாருக்கும் கேக்கறாப்புல வையுங்க," என்றாள்.

"ண்ணா, நாற்காலி தானா போச்சாமே?"

"ஆமாம்மா. சொல்லி வெச்சாப்ல ஈசானிக்கு..."

"அதுல நான் ஒக்காந்துகினு இருந்தா?"

மைத்துனர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னயும் நல்ல சகுனமா இட்டுக்கினு போயி செவுத்துல முட்ட வெக்கும், இல்ல? ஒருவாட்டி தண்ணியில வுழுந்தேன். இன்னொருவாட்டி வாட்டத்துல வுழுணுமா? வாக்கருக்கும் சக்கரம் கீதுண்ணா. நான் சமையக்கட்டுக்குப் போவணும்னு நெனச்சா அது ஈசானிக்கு இட்டுக்கினு போவும். நான் மேல ஏறி வந்துதான் ஒலய எறக்கணும்."

"தண்ணி நின்னா இன்னா பண்ணுவ?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அதுலதான வுழுந்த நீ."

பொறியாளர் குளியலறைக் கதவைத் திறந்தார். ஒரு வாளி நீரைத் தரையில் ஊற்றினார். நீர் தயங்காமல் வடிகாலுக்குள் இறங்கியது. "தண்ணி புழங்குற இடத்துல மட்டும் வாட்டம் தொழிற்சாலையிலேயே கொடுத்திருக்கோம். வீடு மட்டமா நின்னாதான் அதுவும் சரியா ஓடும்," என்றார். என் மைத்துனர் வாளியை அவர் கையிலிருந்து வாங்கி, தாமே ஒருமுறை ஊற்றினார். வேறொரு மூலையிலிருந்து ஊற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரையைத் துழாவினார்.

"இன்னாண்ணா சத்தத்தயே காணோம்?" என்றது தொலைபேசி.

"தண்ணி போவுதும்மா," என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "வெளில வாசலுக்குத் தளம் போடுறது என் இஷ்டம். அதுல யாரும் மட்டம் கிட்டம்னு வரக் கூடாது," என்றார்.

"வெளிய எவ்ளோ வேணா சாய்ச்சிக்குங்க," என்றார் பொறியாளர்.

கிரேன் வந்தது. தகடுகள் ஏறின. மேற்குப் பாதி இறங்கியபோது இம்முறை ஆடவில்லை. இணைப்பு சேர்ந்து, கூரைத் தகடு மூடி, போல்ட்டுகள் இறுகின. ஒவ்வொரு போல்ட்டையும் பொறியாளர் இறுக்கச் சொன்னபோது என் மைத்துனர் பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு சுத்து" என்று மேஸ்திரியை ஏவினார். வீடு இரண்டு விரற்கடை அளவு உயர்ந்துவிட்டதால், படிக்குப் பதிலாகப் போட்டிருந்த வாசற்சரிவை உடைத்து மறுபடி போட வேண்டியதாயிற்று. அதற்கும் ஒரு சண்டை நடந்தது. அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

கார்த்திகை முடியுமுன் என் மனைவி வந்தாள். அண்ணன் முதற் குடத்தைச் சுமந்து முன்னே போக, அவள் வாக்கரைப் பிடித்தபடி சரிவில் ஏறினாள். உள்ளே போனதும் அவள் முதலில் கேட்டது சக்கர நாற்காலியை. அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னாள். தடையை எடுக்கச் சொன்னாள். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது நின்றது.

"நிக்குதுண்ணா," என்றாள்.

"நிக்குது," என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் குடத்தில் மிஞ்சிய தண்ணீரை வெளியே கொண்டுபோய், தாம் வாட்டம் கொடுத்துப் போட்ட புதுத் தளத்தில் ஊற்றி, அது ஈசானி மூலையை அடையும்வரை கூடவே நடந்து பார்த்துவிட்டுத்தான் உணவுக்கு உட்கார்ந்தார்.

இப்போது மார்கழி. வைகறையில் கோயிலுக்குப் புறப்படுமுன் நான் ஒரு பதிகம் ஓதினால், "மெல்ல ஓதுங்க, டின்னுக்குள்ள ஒக்காந்தாப்புல கீது" என்கிறாள். கோயிலில் நான் ஓதுவது ஏரிக்கரை தாண்டி இங்கே நன்றாகக் கேட்கிறதாம். அது போதும் என்கிறாள். குனிய முடியாததால், வாசற்கதவைத் தானே திறந்து நின்று, வேலைக்கு வரும் பெண்ணுக்குப் புள்ளிக் கணக்குச் சொல்லிக் கோலமிட வைக்கிறாள். அந்தக் கோலம் வாட்டத்தில் சற்றே வடகிழக்காகச் சாய்ந்து விழுகிறது. அதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

பருவம் தப்பி ஒரு தூறல் போட்டாலும் என் மைத்துனர் குடையோடு வந்துவிடுகிறார். வாசலில் நின்று தண்ணீர் எப்பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறார். அதன் பிறகு, கேட்காமலே, வீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்கிறார்.

"வந்துட்டாரு," என்கிறாள் என் மனைவி. வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய், ஒரே இழுப்பில் தாழ்ப்பாளை எடுத்து, கதவைத் திறக்கிறாள்.